‘பஸ்ஸில்’ என்ற ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் எத்தனை வழி? பயணத்தைச் சொல்லும் முன்னிடைச்சொற்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள பால்மர, செம்பனைத் தோட்டங்களிலும் வளரும் மாணவர்கள் எழுதும் ஆங்கிலக் கட்டுரைகளில் பயணம் அடிக்கடி வருகிறது. ஈப்போவுக்குப் போனது, பினாங்கு அத்தை வீட்டுக்குப் போனது, தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போனது என்று எழுத அவர்களிடம் செய்தி நிறையவே இருக்கிறது. அந்தக் கட்டுரைகளில் சிவப்பு மை விழும் இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் அவை ‘பை’, ‘ஆன்’, ‘இன்’, ‘அட்’, ‘டு’ போன்ற மிகச் சிறிய சொற்களாக இருக்கும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று, அது வாக்கியத்தின் பிற சொற்களோடு எப்படித் தொடர்புபடுகிறது என்று காட்டும் இவற்றையே முன்னிடைச்சொற்கள் என்கிறோம். வகுப்பறையில் இவற்றுக்குப் பிரிபொசிஷன் என்று பெயர்.

மூன்று தமிழ் வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். ‘நான் பஸ்ஸில் ஈப்போவுக்குப் போனேன்.’ ‘பஸ்ஸில் என் குடையை விட்டுவிட்டேன்.’ ‘அவசர அவசரமாகப் பஸ்ஸில் ஏறினேன்.’ மூன்றிலும் ‘பஸ்ஸில்’ என்ற ஒரே வடிவம்தான் வருகிறது. ஆங்கிலத்தில் முதல் வாக்கியம் ‘ஐ வென்ட் டு ஈப்போ பை பஸ்’ என்றும், இரண்டாவது ‘ஐ லெஃப்ட் மை அம்ப்ரெல்லா ஆன் த பஸ்’ என்றும், மூன்றாவது ‘ஐ காட் ஆன் த பஸ் இன் எ ஹரி’ என்றும் வரும். முதலாவதில் பஸ் ஒரு கருவி, இரண்டாவதில் ஓர் இடம், மூன்றாவதில் ஏறும் செயலின் இலக்கு. தமிழில் ‘இல்’ என்ற உருபு இந்த வேலைகள் அனைத்தையும் தனியாகச் சுமக்கிறது. நம் மனமோ அந்த ஒற்றை உருபுக்கு ஒற்றை ஆங்கிலச் சொல்லைத் தேடி, ‘இன்’ என்பதைப் பிடித்துக்கொள்கிறது. மலாய்மொழியும் இதில் நமக்குத் துணை வருவதில்லை. ‘டி’ என்ற ஒரு சொல் ஊருக்கும் நிலையத்துக்கும் சாலைக்கும் பொதுவாக வருகிறது. ‘நாயிக்’ என்ற ஒரு வினை பேருந்துக்கும் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் போதுமானதாக இருக்கிறது. ஆகவே உருபை மொழிபெயர்க்கும் முயற்சியை முதலில் கைவிட வேண்டும். எவ்வகையில் போனேன், எங்கே இருந்தேன், எதில் ஏறி எதிலிருந்து இறங்கினேன் என்ற கேள்விகளில் எதற்கு விடை சொல்கிறோம் என்று பார்த்தால், வரவேண்டிய சொல் பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும்.

எவ்வகையில் போனேன் என்ற கேள்விக்கு விடை ‘பை’. பை பஸ், பை ட்ரெய்ன், பை டாக்சி, பை ஃபெர்ரி, பை கார் என்று இது எல்லா ஊர்திகளுக்கும் பொருந்தும். ஊர்தி பெரியதா சிறியதா என்ற ஆராய்ச்சியே இங்கே தேவையில்லை. ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு: ‘பை’ என்பதற்குப் பின் வரும் பெயர் தனியாக நிற்க வேண்டும். அதற்கு முன் ‘எ’, ‘த’, ‘மை’ போன்றவை வரக்கூடாது, அது பன்மையாகவும் இருக்கக்கூடாது. காரணம் எளிது. ‘பை பஸ்’ என்னும்போது நாம் குறிப்பிட்ட ஒரு பஸ்ஸைச் சுட்டவில்லை, பயணத்தின் வகையைத்தான் சொல்கிறோம். எந்தப் பஸ், யாருடைய கார் என்று குறிப்பிட்டுச் சொல்லத் தொடங்கிய உடனே ‘பை’ விலகி, அந்த இடத்துக்கு ‘ஆன்’ அல்லது ‘இன்’ வந்துவிடும். ‘ஐ வென்ட் பை கார்’ சரி. ‘ஐ வென்ட் பை மை அங்கிள்ஸ் கார்’ என்பது ‘ஐ வென்ட் இன் மை அங்கிள்ஸ் கார்’ என்று இருக்க வேண்டும். ‘ஐ வென்ட் ஆன் த செவன் ஃபிஃப்டீன் பஸ்’ என்றால் ஏழே காலுக்குப் புறப்படும் அந்தக் குறிப்பிட்ட பஸ்.

இந்தக் கட்டுப்பாட்டை மீறினால் பொருளே மாறும் இடங்களும் உண்டு. ‘ஹி வாஸ் ஹிட் பை எ பஸ்’ என்றால் அவரைப் பஸ் மோதியது என்று பொருள்; இங்கே ‘பை’ செயலைச் செய்தது எது என்று காட்டுகிறது. ‘த ஸ்டால் பை த ஸ்டேஷன்’ என்றால் நிலையத்தின் அருகிலுள்ள கடை. நடந்து போனதைச் சொல்லும்போது ‘பை வாக்’ என்று எழுதுவது நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு வழக்கு இல்லை. ‘ஆன் ஃபுட்’ என்பதே சரியான தொடர் என்றாலும், ‘ஐ வாக் டு ஸ்கூல்’ என்று வினையை நேராகச் சொல்லிவிடுவது அதைவிட இயல்பாக இருக்கும்.

அடுத்து, எங்கே இருந்தேன் என்ற கேள்வி. இங்குதான் ‘ஆன்’ என்பதும் ‘இன்’ என்பதும் குழப்பும். பள்ளிப் புத்தகங்களில் வழக்கமாகக் கிடைக்கும் விதி இது: எழுந்து நடந்து போய் இருக்கையைத் தேடி அமரும் பெரிய ஊர்திகளுக்கு ‘ஆன்’, குனிந்து நுழைந்து உட்கார்ந்துவிடும் சிறிய ஊர்திகளுக்கு ‘இன்’. இதன்படி பேருந்து, இரயில், எல்ஆர்டி என்னும் இலகு இரயில், மோனோரயில், ஃபெர்ரி, விமானம் ஆகியவை ‘ஆன்’ பக்கமும், கார், டாக்சி, தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேன் ஆகியவை ‘இன்’ பக்கமும் சேரும். சைக்கிள், மோட்டார் சைக்கிள், டிராக்டர் போன்று மேலே ஏறி அமர்பவை மீண்டும் ‘ஆன்’. லாரியில் ஓட்டுநர் பக்கத்தில் அமர்ந்தாலும் ‘இன் த லாரி’. பின்னால் நின்றுகொண்டு போனால் ‘இன் த பேக் அவ் எ லாரி’.

தொடக்க நிலையில் இந்த விதி போதும் என்றாலும், அளவை மட்டும் காரணமாகச் சொல்வது எனக்கு நிறைவைத் தரவில்லை. ‘ஆன் த பஸ்’ என்ற தொடரில் ஊர்தியின் அளவைவிடப் பயணம் என்ற நிலையே முதன்மையானது. ஓடிக்கொண்டிருக்கும், அல்லது சற்று நேரத்தில் ஓடப்போகும் ஒரு சேவையில் பயணியாக இருக்கிறேன் என்பதே அதன் கருத்து. தோட்டத்துப் பட்டறைக்குப் பின்னால் சக்கரம் கழன்று, புல் முளைத்துக் கிடக்கும் ஒரு பழைய பஸ்ஸைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதனுள் பிள்ளைகள் விளையாடினால் ‘த சில்ட்ரன் ஆர் பிளேயிங் இன் த பஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே ‘ஆன் த பஸ்’ என்றால் அந்தப் பஸ் எங்கேயோ போய்க்கொண்டிருப்பதாக ஆகிவிடும். அளவில் அதே பஸ்தான். பயணம் இல்லாததால் முன்னிடைச்சொல் மாறிவிட்டது. அதேபோல ஓடும் பஸ்ஸின் உட்புறத்தை ஓர் அறையைப் போலக் கருதிப் பேசும்போதும் ‘இன்’ வரலாம். ‘இட் வாஸ் வெரி கோல்ட் இன் த பஸ்’ என்பது தவறன்று. குளிர்சாதனக் காற்று நிறைந்த அந்த உட்பகுதியைத்தான் அது குறிக்கிறது. ஐயம் எழுந்தால், பயணியாக இருந்ததைச் சொல்ல ‘ஆன்’ என்றே எழுதிவிடுங்கள், பிழை நேராது. காருக்கு மட்டும் அந்த உரிமை இல்லை: ‘ஐ வாஸ் ஆன் த கார்’ என்று படிப்பவர், நீங்கள் காரின் கூரைமீது உட்கார்ந்திருந்ததாக நினைத்துக்கொள்வார்.

ஏறுவதும் இறங்குவதும் இதே பிரிவைப் பின்பற்றுகின்றன. ‘ஆன்’ பக்கத்து ஊர்திகளுக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. ‘இன்’ பக்கத்து ஊர்திகளுக்கு ‘கெட் இன்’ அல்லது ‘கெட் இன்டு’, ‘கெட் அவுட் அவ்’. நாம் ‘இறங்கு’ என்ற வினையை மனத்தில் வைத்து ‘கெட் டவுன் ஃப்ரம் த பஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். உள்ளூரில் யாருக்கும் அது புரியாமல் போகாது. ஆனால் தேர்வுத்தாளிலும் வெளிநாட்டவரிடமும் ‘கெட் ஆஃப் த பஸ்’ என்பதே ஏற்றது. ‘கெட் டவுன்’ என்பதை ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ இறங்குவதற்கு வைத்துக்கொள்ளலாம். நிலைய அறிவிப்புகளில் காணும் ‘அலைட்’ என்ற சொல் அறிவிப்புகளுக்கே உரிய நடை. நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் அது விறைப்பாகத் தோன்றும்.

இறங்கும் வாக்கியத்தில் இரண்டு முன்னிடைச்சொற்கள் அருகருகே வருவதையும் கவனிக்க வேண்டும். ‘ஐ காட் ஆஃப் த பஸ் அட் மேடான் கிட்’ (மேடான் கிட் ஈப்போவிலுள்ள பேருந்து நிலையம்) என்பதில் ‘ஆஃப்’ ஊர்திக்கு உரியது, ‘அட்’ இடத்துக்கு உரியது. ‘அட்’ என்பது இடத்தைப் பயணப் பாதையின் ஒரு புள்ளியாகக் காட்டும். ‘இன்’ அதே இடத்தைப் பரப்பாக, மனிதர் வாழும் ஊராகக் காட்டும். ‘த ட்ரெய்ன் ஸ்டாப்ஸ் அட் ஈப்போ’ என்பதும் ‘மை ஆன்ட்டி லிவ்ஸ் இன் ஈப்போ’ என்பதும் ஒரே ஈப்போதான். இரயிலுக்கு அது ஒரு நிறுத்தம், அத்தைக்கு அது ஊர். நிலையத்திலும் இதே வேறுபாடு உண்டு. ‘ஐ வில் மீட் யூ அட் த ஸ்டேஷன்’ என்றால் நிலையத்தில், அதாவது வாசலிலோ டிக்கெட் முகப்பிலோ எங்காவது. ‘வி வெய்ட்டட் இன் த ஸ்டேஷன் பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்’ என்றால் மழைக்கு ஒதுங்கி நிலையத்துக்குள். நடைமேடைக்கு ‘ஆன்’ வரும்: ‘வெய்ட் ஆன் பிளாட்ஃபார்ம் டூ’. அந்த மேடையிலிருந்து வண்டி புறப்படுவதைச் சொல்ல ‘த ட்ரெய்ன் லீவ்ஸ் ஃப்ரம் பிளாட்ஃபார்ம் டூ’.

‘இல்’ உருபைப் போலவே ‘கு’ உருபும் நம்மை ஏமாற்றக்கூடியது. ‘ஏழு மணிக்கு ஈப்போவுக்குப் போனேன்’ என்ற வாக்கியத்தில் ‘கு’ இரண்டு முறை வருகிறது. ஆங்கிலத்தில் மணிக்கு ‘அட்’, ஊருக்கு ‘டு’. ‘ஈப்போவுக்குப் புறப்பட்டேன்’ என்றால் அங்கே ‘ஃபார்’ வேண்டும். ‘லீவ்’ என்ற வினையை மிகுந்த கவனத்தோடு கையாள வேண்டும், ஏனென்றால் ஒரு சிறு சொல் விட்டுப்போனால் பயணத்தின் திசையே தலைகீழாகிவிடும். ‘வி லெஃப்ட் ஈப்போ அட் நைன்’ என்றால் ஒன்பது மணிக்கு ஈப்போவை விட்டுக் கிளம்பினோம். ‘வி லெஃப்ட் ஃபார் ஈப்போ அட் நைன்’ என்றால் ஒன்பது மணிக்கு ஈப்போவை நோக்கிக் கிளம்பினோம். உங்களை அழைத்துப்போக ஒருவர் நிலையத்துக்கு வருவதாக இருந்தால், இந்த வேறுபாடு அவருடைய காலைப்பொழுதையே வீணாக்கிவிடக்கூடும்.

சேர்வதைச் சொல்லும் வினைகளுக்குத் தமிழிலேயே ஒரு நல்ல வழிகாட்டி இருக்கிறது. ‘ஈப்போவை அடைந்தேன்’ என்கிறோம். ‘ஈப்போவுக்கு அடைந்தேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ரீச்’ அப்படியே ‘அடை’ என்பதைப் போன்றது. அது நேராகச் செயப்படுபொருளை ஏற்கும், ஆகவே ‘ரீச்ட் டு ஈப்போ’ என்பது பிழை; ‘ரீச்ட் ஈப்போ’ என்பதே சரி. ‘அரைவ்’ என்ற வினைக்கு ‘டு’ ஒருபோதும் சேராது. நிலையமானால் ‘அரைவ் அட்’, பெரிய ஊரோ நாடோ ஆனால் ‘அரைவ் இன்’. ‘வீடு திரும்பினார்’, ‘வீடு வந்து சேர்ந்தோம்’ என்று எழுதும்போது தமிழிலும் ‘கு’ மறைந்துவிடுகிறதல்லவா? ஆங்கிலத்தில் ‘ஹோம்’ என்ற சொல்லுக்கும் அந்தச் சலுகை உண்டு: ‘கோ ஹோம்’, ‘கெட் ஹோம்’, ‘அரைவ் ஹோம்’. ‘ஹவுஸ்’ என்ற சொல்லுக்கு அது கிடையாது. ‘கோ டு மை ஹவுஸ்’ என்று முழுமையாகவே சொல்ல வேண்டும்.

வழியை விவரிக்கும் சொற்களில் குழப்பம் குறைவு. தொடக்கத்துக்கு ‘ஃப்ரம்’, முடிவுக்கு ‘டு’, ஊரின் ஊடாகப் போனால் ‘த்ரூ’, ஒன்றைத் தாண்டிப் போனால் ‘பாஸ்ட்’, ஓர் ஊர் வழியாக என்றால் ‘வயா’. ‘த பஸ் டு ஈப்போ கோஸ் த்ரூ செமோர்’ என்றால் பஸ் செமோர் பட்டணத்தின் ஊடாகப் போகிறது. ‘பிட்வீன்’ மட்டும் ‘அண்ட்’ என்பதையே துணைக்கு அழைக்கும், ‘டு’ என்பதை ஏற்காது: ‘சுங்கை சிப்புட் இஸ் பிட்வீன் ஈப்போ அண்ட் கோலகங்சார்’.

2010-இல் ஈப்போவுக்கும் சிரம்பானுக்கும் இடையே தொடங்கிய இடிஎஸ் மின்இரயில் சேவை 2015-இல் பாடாங் பெசார்வரை நீண்டபின், நம் ஊரான சுங்கை சிப்புட்டும் அதன் நிறுத்தங்களில் ஒன்றாகிவிட்டது. ஆகவே வண்டி மாறுவதைச் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். மாறும் இடத்துக்கு ‘அட்’, மாறிப் போய்ச் சேரும் வண்டிக்கு ‘டு’, போக வேண்டிய ஊருக்கு ‘ஃபார்’. கோலாலம்பூரின் முதன்மை நிலையமான கேஎல் சென்ட்ரலில் மாறிப் பத்துமலைக்குப் போகிறவருக்கு ‘சேஞ்ச் அட் கேஎல் சென்ட்ரல் ஃபார் பத்துமலை’ என்றோ, ‘அட் கேஎல் சென்ட்ரல், சேஞ்ச் டு த கொமுட்டர்’ என்றோ சொல்லலாம். கொமுட்டர் என்பது புறநகர் இரயில். ‘சேஞ்ச் ட்ரெய்ன்ஸ்’ என்று பொதுவாகச் சொல்லும்போது இடையில் எதுவும் வராது. ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதால் அங்கே பன்மை கட்டாயம்.

காலத்தைச் சொல்வதில் கடிகார நேரத்துக்கு ‘அட்’, கிழமைக்கும் தேதிக்கும் ‘ஆன்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’ என்ற வரிசை பலருக்கும் தெரிந்ததே. ‘இன் த மார்னிங்’ என்பது கிழமை சேர்ந்தால் ‘ஆன் சாட்டர்டே மார்னிங்’ ஆகிவிடும். ‘நெக்ஸ்ட்’, ‘லாஸ்ட்’ வந்தால் முன்னிடைச்சொல்லே வேண்டாம். பயணத்துக்கு முக்கியமானவை வேறு இரண்டு இணைகள். ‘பை எய்ட்’ என்றால் எட்டு மணிக்குள், ‘அன்டில் எய்ட்’ என்றால் எட்டு மணிவரை. ‘பி அட் த ஸ்டேஷன் பை எய்ட்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அன்டில்’ போட்டால், எட்டு மணிவரை நிலையத்திலேயே இருக்கச் சொன்னதாகிவிடும். ‘ஆன் டைம்’ என்றால் அட்டவணையில் குறித்த நேரத்தில். ‘இன் டைம்’ என்றால் தவறவிடாதபடி, உரிய வேளைக்குள். ‘த ட்ரெய்ன் வாஸ் ஆன் டைம், பட் வி வேர் நாட் இன் டைம் டு கேட்ச் இட்’ என்ற வாக்கியத்தில் வண்டி சரியான நேரத்துக்கு வந்துவிட்டது, நாம்தான் பிந்திவிட்டோம்.

முன்னிடைச்சொல்லைச் சரியாகப் போட்டும் வினை தவறிவிடும் இரண்டு இடங்கள் நம் நாட்டு ஆங்கிலத்தில் உண்டு. பயணக் கட்டுரைகளில் இவை மிகுதி என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமாவின் காரில் கூடப் போனதை ‘ஐ ஃபாலோட் மை அங்கிள்ஸ் கார்’ என்று எழுதுவது மலாயின் ‘இகூட்’ வழியாக வந்த பழக்கம். ஆங்கிலத்தில் அதற்கு, மாமாவின் காருக்குப் பின்னால் வேறொரு ஊர்தியில் தொடர்ந்து போனேன் என்று பொருள். அப்பா நிலையத்தில் கொண்டுபோய் விட்டதை ‘மை ஃபாதர் சென்ட் மீ டு த ஸ்டேஷன்’ என்றால், அப்பா வீட்டில் இருந்துகொண்டு பிள்ளையை மட்டும் அனுப்பிவைத்தார் என்றுதான் படிப்பவர் கருதுவார். ‘மை ஃபாதர் டுக் மீ டு த ஸ்டேஷன்’ என்றோ ‘டிராப்ட் மீ அட் த ஸ்டேஷன்’ என்றோ எழுதினால் அவரும் உடன் வந்தது தெளிவாகும். ‘டிராப்’ வந்தால் ‘அட்’, ‘டேக்’ வந்தால் ‘டு’ என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இவை அனைத்தும் ஒன்றாக வேலை செய்வதைப் பார்க்க, ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தேர்வின் முதல் பகுதியில் வரும் சுமார் 80 சொல் மின்னஞ்சல் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ்டவுனில் இருக்கும் தோழி தீபாவளிக்குச் சுங்கை சிப்புட் வருகிறாள். அவளுக்கு வழி சொல்ல வேண்டும். ‘டேக் த ஃபெர்ரி ஃப்ரம் ஜார்ஜ்டவுன் டு பட்டர்வொர்த்’ என்று தொடங்கலாம். ‘டேக்’ நேராக ஊர்தியையே செயப்படுபொருளாக ஏற்பதால் ‘பை’ என்பதற்கோ ‘ஆன்’ என்பதற்கோ அங்கே இடமில்லை. தடுமாற்றம் வரும்போதெல்லாம் ‘டேக் எ பஸ்’, ‘டேக் எ ட்ரெய்ன்’ என்று எழுதித் தப்பிக்கலாம் என்பது மாணவர்களுக்கு நான் கூசாமல் சொல்லும் உபாயம். அடுத்த வாக்கியம்: ‘அட் பட்டர்வொர்த், கெட் ஆன் த இடிஎஸ் டு கேஎல் சென்ட்ரல்’. நிலையம் பாதையின் ஒரு புள்ளி, எனவே ‘அட்’. இரயிலில் பயணியாக ஏறுவது ‘ஆன்’. வண்டி போகும் திசைக்கு ‘டு’. வடக்கிலிருந்து வரும் வண்டி கோலகங்சாரைத் தாண்டித்தான் நம் ஊருக்கு வரும் என்பதால், ‘டோன்ட் கெட் ஆஃப் அட் கோலகங்சார், ஸ்டே ஆன் த ட்ரெய்ன் அன்டில் சுங்கை சிப்புட்’ என்று எச்சரிப்பது நல்லது. இங்கே ‘அன்டில்’ பொருத்தமே, ஏனென்றால் நம் ஊர் வரும்வரை வண்டியிலேயே இருக்கச் சொல்கிறோம். ‘மை ஃபாதர் அண்ட் ஐ வில் வெய்ட் ஃபார் யூ அவுட்சைட் த ஸ்டேஷன்’ என்பதில் ‘வெய்ட்’ வினைக்கு ‘ஃபார்’ இன்றியமையாதது, ‘அவுட்சைட்’ என்பதற்குப் பின்னால் ‘அவ்’ தேவையில்லை. கடைசி வாக்கியம் ‘வி வில் கோ ஹோம் இன் ஹிஸ் கார்’. ‘ஹோம்’ என்பதால் ‘டு’ இல்லை. யாருடைய கார் என்று சொல்லிவிட்டதால் ‘பை’ இல்லை. கார் என்பதால் ‘ஆன்’ இல்லாமல் ‘இன்’.